நூற்று எழுபது வோல்ட்

ஓசையைப் பதிவுசெய்து அனுப்பக் கூடாது
என்பது ஒன்றுதான் எங்களுக்குள் சட்டம்.
தவளை வேண்டுமா, தவளையைச் செய்.
இரண்டு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர்,
கொஞ்சம் தூக்கக்கேடு.

கூத்தாநல்லூர் ஜபருல்லா
கிக் டிரம் ஒன்று அனுப்பினான்.
கேட்ட மாத்திரத்தில் சொன்னேன்:
இது போர் போடுகிற லாரி, கதை விடாதே.
மறுநாள் சர்க்யூட் வந்தது,
பிரியாணிக் கடை ரசீதின் பின்பக்கத்தில்.
ஒரு டிரான்சிஸ்டர், நாலு மின்தடை,
ஓரத்தில் 'மன்னிப்புக் கேள்.'
கேட்டேன்.

வேளாங்கண்ணி மெர்லின்
மெழுகுவத்திக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி
ஹை-ஹாட் செய்கிறாள்.
அவள் ஓசைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான்:
ஈர மணல். சில்லறை இல்லை.
காய்ந்த ஈர மணல்.

பாபநாசம் குபேந்திரன் எதையும் செய்வதில்லை.
எங்களுடையதை வாங்கி
நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு அடியில்
நெருக்கி வரிசை பிடிப்பான்.
நடவு மெஷின் என்று பெயர் வைத்தோம்.
கோபப்படவில்லை.

என் பங்கு பேஸ்.
வடுவூரில், உரக்கடை மாடியில்,
பழைய ஸ்டெபிலைசர் ஒன்றின் குடலை உருவிவிட்டு
அந்தத் தகரப் பெட்டிக்குள் கட்டியது.
குறுவை நாற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் மாதம்
ஓர் இரவில் செய்து அனுப்பினேன்.

'ஒரு எடத்துல மண்டி போட்டு எழுந்திரிக்குதே,
அது எப்புடி?' என்றாள் மெர்லின்.
தெரிந்தவன் மாதிரி வரைபடம் அனுப்பினேன்.
மூன்று ஊரிலும் கட்டினார்கள்.
மூன்று ஊரிலும் அது
ரேஷன் வரிசையில் நிற்பதுபோல் நேராக நின்றது.
கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தார்கள்.
என்னையே கொஞ்சம் சந்தேகித்தார்கள்.

பத்து நாள் கழித்துத்தான் மீட்டரைச் செருகிப் பார்த்தேன்.
பதினொன்று பத்துக்கு மும்முனை மின்சாரம் வருகிறது,
சுற்றுவட்டார மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் எழுகிறது,
என் பிளக்கில் நூற்று எழுபது வோல்ட்.
மண்டி போட்டது நானில்லை.

இதை எப்படி அனுப்புவது?
வாருங்கள் என்றேன்.
வந்தார்கள், மெர்லின் கடைசி பஸ்ஸில்.
மழையும் வந்தது.
மழையில் எவன் மோட்டார் போடுவான்?
பதினொன்று பத்து, பதினொன்று அரை,
நேராகவே நின்றது சனியன்.

ஜபருல்லாதான் கீழே போய்
பக்கத்து வெல்டிங் பட்டறையைத் தட்டினான்.
வைரக்கண்ணு கைலியை இறுக்கிக்கொண்டு கேட்டார்:
'என்ன ஒட்டணும்?'
'எதையும் ஒட்ட வேணாம்ண்ணே. சும்மா ஒட்டுங்க.'

ராடு கேட்டில் பட்டதும்
மாடியில் பேஸ் குனிந்தது.
எடுத்ததும் நிமிர்ந்தது.
மோட்டார் இரவைப்போல் இல்லை,
அதைவிடக் கூர்மை,
யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோல.

குபேந்திரன் படியிறங்கி ஓடினான்.
மழைத்தண்ணீரில் அவர் பக்கத்தில் குந்தி
அவர் தொடையில் தட்டி எண்ணினான்:
ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப.
நீலம் ஒருமுறை சுவரெல்லாம் அடித்து அணைந்தது.
ஒண்ணு, ரெண்டு, இப்ப, இப்ப.

இது பதிவா, செய்ததா
என்ற சண்டை இன்னும் முடியவில்லை.
மெர்லின் அதற்கு வைரக்கண்ணு என்றே பெயர் வைத்து
எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.
என்னுடையதைவிட
அதைத்தான் அதிகம் பேர் கேட்டு வாங்குகிறார்கள்.
பரவாயில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவர் அன்று கேட்டது ஒன்றே ஒன்று:
'மூணு ராடுக்குக் காசு?'
கொடுத்தோம்.

அந்த கேட்டை எடமேலையூர்க்காரர் ஒருவர்
பேரம் பேசி வாங்கிப்போனார்.
கீழ்க்கம்பியில் பதினாறு புள்ளிகள்,
முதல் மூன்று எட்ட எட்ட,
அப்புறம் இரண்டு ஒட்டி ஒட்டி.
பெயின்ட் அடித்திருப்பார்.
விரலை வைத்து இடமிருந்து வலமாக இழுத்தால்
இன்னும் தட்டுப்படும்.